ஐந்தருவிக் குரங்கிடம் ஒரு மன்னிப்பு

கறுப்புக் கார் வாங்காதே என்று என்னிடம் சொன்னவர்கள் மொத்தம் ஆறு பேர். அதில் ஒருவர், அந்தக் காரை எனக்கு விற்றவர். "தூசி தெரியும், தண்ணிச் சொட்டு தெரியும், பூனை நடந்தாக்கூட தெரியும்" என்றார். இவ்வளவு நேர்மையான மனுஷனிடம் வாங்காமல் வேறு யாரிடம் வாங்குவது? வாங்கிவிட்டேன்.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆகிவிட்டது. எங்கள் தெருவுக்கு அந்தத் தகவல் இன்னும் வந்து சேரவில்லை. மாட்டுவண்டிக் காலத்து அகலத்திலேயே இருக்கிறது. கேட்டுக்குள் காரை நுழைத்தால் இரண்டு பக்கமும் நாலு விரல் இடம் மிஞ்சும். ஒரு ஜூலை மாத ராத்திரி வலது பக்கம் எட்டு விரல் மிஞ்சியது. பரவாயில்லையே, டிரைவிங் தேறிவிட்டதே என்று நினைத்து முடிப்பதற்குள் இடது பக்கம் 'கிர்ர்ர்' என்றது.

காலையில் பார்த்தால் இடது பின்கதவில் முழ நீளத்துக்கு ஒரு கோடு. உங்கள் காரிலும் இப்படி ஒன்று இருக்கும். நீங்களும் முதலில் எச்சிலைத் தொட்டுத்தான் தேய்த்திருப்பீர்கள். எனக்கு எச்சில் வற்றியதுதான் மிச்சம்.

அது குற்றாலத்தில் சாரல் சீசன். வீடு நிறைய சென்னை உறவுகள். எல்லோரையும் வலது பக்கக் கதவு வழியாகவே ஏற்றி ஐந்தருவிக்குக் கூட்டிப்போனேன். டாஷ்போர்டில் நேந்திரங்காய் சிப்ஸ் பாக்கெட் ஒன்றைக் கண்ணில் படும்படி வைத்தேன். குளித்துவிட்டு ஈரத்துண்டோடு முதல் ஆளாக ஓடிவந்து, "ஐயையோ, குரங்கு கீறிட்டு!" என்று கத்தினேன். மொத்தக் குடும்பமும் நம்பியது. என் மகன் மட்டும், "ஏன்ப்பா, குரங்கு ஸ்கேல் வச்சா கீறிச்சு?" என்றான். அவனுக்கு மட்டும் மிளகாய் பஜ்ஜி இரண்டு கூடுதலாக வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

குற்றாலக் குறவஞ்சி எழுதிய திரிகூடராசப்பக் கவிராயர், பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இந்த ஊர்க் குரங்குகளுக்குப் பாட்டில் இடம் கொடுத்தார். நான் குற்றப்பத்திரிகையில் இடம் கொடுத்தேன்.

பிறகு ஆரம்பித்தது வைத்தியம். கீறலுக்குப் பற்பசை நல்லது என்று மச்சான் சொன்னார். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. பல்லைத் தேய்க்க அதில் மெல்லிய சுண்ணாம்புத்தூளோ சிலிக்காவோ இருக்கும், அது லேசாக உரசும். அரை டியூப் தீர்ந்தது. கோடு அப்படியே இருந்தது. கதவு மட்டும் இரண்டு நாள் கிராம்பு வாசனையோடு இருந்தது.

அடுத்தது தேங்காய் எண்ணெய். ஒரு சொட்டுத் தடவினேன், கோடு மாயமாய் மறைந்தது! மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எதிர்வீட்டு அண்ணாச்சியையும் கூப்பிட்டேன். எண்ணெய் சொரசொரப்பில் நிறைந்து நின்றால் வெளிச்சம் சிதறாது, கோடு கண்ணில் படாது, அவ்வளவுதான் மாயம். அண்ணாச்சி வந்து சேரும்போது ஒரு சாரல் அடித்தது. அவர் கோட்டைத்தான் பார்த்தார்.

கடைசியில் கடைக்குப் போய் ரப்பிங் காம்பவுண்ட் ஒரு டப்பா வாங்கினேன். காம்பவுண்ட் கீறலை அடைக்காது. கீறலைச் சுற்றி இருப்பதைத் தேய்த்துத் தேய்த்துக் கீறலின் ஆழத்துக்கு இறக்கும். பள்ளத்தை மூடாமல் ரோட்டையே தாழ்த்துவது மாதிரி. இது எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், டப்பா மூடியை எப்படித் திறப்பது என்பதுதான். அதுவும் பல்லால்.

கூடவே கடைக்காரர், "வாட்டர் பேப்பர் வேணுமா? 2000 தரட்டுமா, 400 தரட்டுமா?" என்றார். 2000 என்பது ரொம்ப முரடாக இருக்கும் போல, நமக்கு மென்மையாக 400 போதும் என்று வாங்கினேன். நம்பர் கூடக்கூடத்தான் பேப்பர் நைஸ் என்பதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை.

உச்சிவெயிலில் உட்கார்ந்தேன். முதலில் வாட்டர் பேப்பர், அப்புறம் பழைய பனியனில் காம்பவுண்ட். சூடான கதவில் காம்பவுண்ட் விபூதி மாதிரி காய்ந்தது. காயக்காய இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பனியன் கறுகறு என்று ஆனது. "எவ்வளவு அழுக்கு பார்த்தியா!" என்று மகனிடம் பெருமையாகக் காட்டினேன்.

மறுநாள் பெயின்டர் வந்தார். பனியனைப் பார்த்துவிட்டு, "அது அழுக்கு இல்ல அண்ணாச்சி. உங்க காரு" என்றார்.

அந்தக் கால அம்பாசடரைத் தேய்த்தால் துணியில் கலர் ஒட்டுவது சகஜமாம். இப்போதைய கார்களில் கலருக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, கிளியர் கோட் என்கிறார்கள். பெரும்பாலும் தலைமுடியின் கனம்கூட இருக்காது. துணியில் கலர் வருகிறது என்றால் அந்தப் பூச்சு போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். கதவின் மடிப்பில் சாம்பல் நிறத்தில் பிரைமரே எட்டிப் பார்த்தது. நான் அதைப் பளபளப்பு என்று நினைத்திருந்தேன்.

பெயின்டர் கோட்டின் தேய்க்காத நுனியில் நகத்தை வைத்து இழுத்தார். "நகம் மாட்டினா பாலிஷ் கேக்காது. இதுல மாட்டலயே" என்றவர், நிழலுக்குக் காரைத் தள்ளச் சொல்லி, ஈரத்துணியில் துளி காம்பவுண்ட் எடுத்து, உள்ளங்கை அளவுக்கு மட்டும் தேய்த்தார். ரெண்டே நிமிஷம். துணியில் பச்சை வந்தது. கோடு அங்கே இல்லை.

"இது கீறலே இல்ல அண்ணாச்சி. உங்க கேட்டு பெயின்ட் ஒட்டியிருக்கு" என்றார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பி, "யாரோ குரங்குன்னாங்களே?" என்று கேட்டார். பச்சைக் குரங்கை நான் எங்கே போய்த் தேடுவது?

கேட் போட்ட கோட்டுக்கு ரெண்டு நிமிஷம். என் வைத்தியத்துக்கு முழுக் கதவும் பெயின்ட். பில்லை மனைவி இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

அதற்கப்புறம் குற்றாலம் சித்திரசபைக்குப் போனோம். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று, சுவர் முழுக்க ஓவியம். உள்ளே நுழைந்ததும் மனைவி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நெகிழ்ந்து போனேன். "எதையும் தேச்சுராதீங்க" என்றாள்.

போன சீசனில் ஐந்தருவியில் நிஜமாகவே ஒரு குரங்கு பானெட்டில் ஏறி, சறுக்கி, நாலு கோடு போட்டுவிட்டு இறங்கியது. என் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

மனைவி காரைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கேட்டைப் பார்த்தாள்.