முறைசாரா மாநாட்டுக்கு ஒரு மனு

அனுப்புநர்:
இரண்டு பிள்ளைகளின் தாய்,
செங்கல்பட்டு.

பெறுநர்:
புரோட்டோகால் தலைமை அலுவலர் அவர்கள்,
வெளியுறவு அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: காலாண்டு விடுமுறையில் மாமல்லபுரத்தில் குடும்ப மாநாடு நடத்துதல் – ஏற்பாடுகள் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் தாங்கள் அங்கே நடத்திக் காட்டிய மாநாடு.

ஐயா,

பார்வையில் கண்ட மாநாட்டை டிவியில் ஒன்று விடாமல் பார்த்தவள் நான். நம் பிரதமர் வேட்டி சட்டையில், தோளில் துண்டோடு வந்தார். சீன அதிபர் வெள்ளைச் சட்டையில் வந்தார். அர்ச்சுனன் தபசு, வெண்ணெய் உருண்டைப் பாறை, ஐந்து ரதம், கடற்கரைக் கோயில் என்று சுற்றிப் பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். கலாக்ஷேத்ராக்காரர்கள் ஆடினார்கள். ராத்திரி அரைச்சுவிட்ட சாம்பாரோடு விருந்து. சாப்பாடும் பேச்சும் குறித்த நேரத்தைத் தாண்டிப் போயும், "போதும், எழுந்திரு, பஸ் போயிடும்" என்று அவர்களை ஒருவரும் அதட்டவில்லை.

இரண்டு பெரிய மனிதர்களை வைத்து இவ்வளவு செய்த உங்களுக்கு, இரண்டு சின்ன மனிதர்கள் பெரிய விஷயமாக இருக்காது என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். மூத்தவனுக்கு ஆறு வயது, இளையவளுக்கு மூன்று. எல்லைத் தகராறு இங்கேயும் உண்டு. செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த நிமிடம் தொடங்கி, திருக்கழுக்குன்றம் மலை கண்ணில் படும்வரை ஓயாது. அந்த மலைக்கு நண்பகலில் வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போன கழுகுகள் பல வருடமாக வருவதில்லை. எங்கள் பேருந்துச் சத்தம் காரணமாக இருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

மனுவை மாவட்ட அலுவலகத்தில் கொடுத்தால் என்ன என்று கேட்பீர்கள். அந்த மாநாடு நடந்தபோது நாங்கள் காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது அதற்கு அடுத்த மாதம் 29ஆம் தேதி. முன்னுதாரணத்தைக் காட்டித்தான் அனுமதி கேட்க வேண்டும். முன்னுதாரணமோ பழைய மாவட்டத்தில் இருக்கிறது. அதனால் தில்லிக்கே எழுதிவிட்டேன்.

எங்களுடையதும் முறைசாரா மாநாடுதான். நிகழ்ச்சி நிரல் இல்லை, ஒப்பந்தம் இல்லை, கையெழுத்துப் போட ஒருவருக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் சுவரில். ஆகவே வேண்டுவன சிலவே.

முதலில் சாலை. அதிபரின் கார் கிண்டியிலிருந்து கிளம்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலை வரை வழி தானாக விட்டது. எங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். இளையவள் "அம்மா, உச்சா" என்று அறிவித்த இடத்திலிருந்து அடுத்த கழிப்பறை வரை வழி விட்டால் போதும். அறிவிப்புக்கும் நிகழ்வுக்கும் இடையே அரை நிமிடம் அவகாசம் உண்டு. கழிப்பறை திறந்திருந்து, தண்ணீரும் வந்து, தாழ்ப்பாளும் இருந்துவிட்டால் இதை உச்சி மாநாடு என்றே ஒப்புக்கொள்கிறேன். இல்லையென்றால் உச்சா மாநாடுதான்.

அடுத்தது மொழிபெயர்ப்பாளர். அன்று தலைவர்கள் நடந்த இடமெல்லாம் பின்னாலேயே வந்தார்கள், பார்த்தேன். என் மாமியார், "வெயில் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு இல்ல?" என்று கேட்டால், "யார் போட்ட திட்டம் இது?" என்று பொருள். தற்போது இதை என் வீட்டுக்காரர்தான் பெயர்த்துச் சொல்லி வருகிறார். ஒரு தரப்பின் சொந்த மகனையே அந்த வேலைக்கு வைப்பது எந்த நாட்டு வழக்கம்?

ஐந்து ரதத்தின் வாசலில் காய்கறியும் பழமுமாகக் கட்டிய வளைவு வைத்தீர்களே, அதை மட்டும் திரும்பவும் வையுங்கள். கத்தரிக்காயைத் தட்டிலிருந்து நாடு கடத்துகிற என் மகன், தோரணத்தில் தொங்கினால் ஒருவேளை மரியாதை கொடுப்பான்.

பிளாஸ்டிக் விஷயமும் இருக்கிறது. மறுநாள் காலை பிரதமர் கடற்கரையில் பாட்டில்களைப் பொறுக்கிப் பையில் போட்டதை நாடே பார்த்தது. ஊர் முழுக்கக் கழுவித் துடைத்த பிறகும் அவர் பொறுக்குவதற்கென்று கொஞ்சம் மிச்சமிருந்ததே என்று என் வீட்டுக்காரர் இன்றும் வியக்கிறார். என் மகளும் அதே கொள்கைக்காரி. மூடி, இறகு, உறிஞ்சுகுழல், அறுந்த செருப்பு என்று கண்டதையெல்லாம் பொறுக்குவாள். அவளைப் படம் பிடிக்கத்தான் ஆளில்லை. நான் பின்னாலேயே ஓடி, "சீ, கீழ போடு" என்று தேசத் தூய்மைக்கு எதிராகப் பேச வேண்டியிருக்கிறது. அவர்கள் வந்த அந்த இரண்டு நாள் சுத்தம், யாரும் வராத ஒரு செவ்வாய்க்கிழமைக்கும் கிடைக்குமா?

மற்றபடி அந்த ஊரில் குழந்தைகளை நினைத்து வேலை பார்த்தவர்கள் பல்லவர்கள்தான். தபசுப் பாறையில் பெரிய யானையின் காலடியில் குட்டிகள் நிற்கின்றன. பக்கத்திலேயே ஒரு பூனை முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு தவம் செய்கிறது, காலடியில் எலிகள். கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு கன்றை நக்கிக்கொடுக்கிறது. கன்றின் முதுகு வளைவைப் பார்த்தாலே அதன் சுகம் தெரியும். அந்தப் பசுவின் முன்னால் என் பிள்ளைகள் இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடியிருந்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் வேலை பார்த்த அந்தச் சிற்பி வீட்டிலும் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று இருந்திருக்க வேண்டும்.

வெண்ணெய் உருண்டை 250 டன்னாம். 1908இல் ஆளுநர் ஏழு யானைகளைக் கட்டி இழுத்தும் அசையவில்லை என்பார்கள். அதன் அருகே வழவழவென்று கிடக்கும் சரிவில் சறுக்க ஆரம்பித்த என் மகனைக் கிளப்பவும் அதே ஏழு யானைகள் தேவை. இதைப் பாதுகாப்புப் பிரிவுக்கு மாற்றி அனுப்பவும்.

வணிகப் பற்றாக்குறையைப் பற்றி அன்று பேசி, உயர்மட்டக் குழு ஒன்றுக்கு இரு தலைவர்களும் இசைந்ததாகச் செய்தியில் படித்தேன். கடற்கரைக் கடையில் மூத்தவன் அடம்பிடித்து வாங்கிய விசிலின் அடியில் "மேட் இன் சைனா" என்றுதான் போட்டிருந்தது. உளி கொத்தும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கிற ஊரில், உள்ளூர்க் கல் ஆமையை வாங்கச் சொல்லி நான் நடத்திய பேச்சுவார்த்தை முறிந்தது. விசில் இன்னும் ஊதப்படுகிறது. குழுவுக்குத் தெரிவிக்கவும்.

விருந்துக்கு நீங்கள் சிரமப்பட வேண்டாம். புரட்டாசி என்பதால் வீட்டில் அசைவம் கிடையாது. கடற்கரை முழுக்க மீன் வறுபடும் வாசனையை மோந்துகொண்டே புளிசாதத்தைப் பிரிப்போம். உட்கார்ந்து சாப்பிட ஒரு மர நிழல் மட்டும் தாருங்கள். ஐந்து ரதத்து மணலில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கால் வைத்துப் பார்த்தால் இது சலுகையல்ல, அவசரச் சிகிச்சை என்று புரியும்.

தேதியைத்தான் உறுதி செய்ய முடியவில்லை. புரட்டாசி பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும். காலாண்டு விடுமுறை காய்கிற பக்கத்தில் விழுகிறது. ஐப்பசிக்குத் தள்ளினால் பருவமழை இறங்கிவிடுகிறது. உங்கள் மாநாடு மட்டும் இரண்டுக்கும் இடையில் அளந்து வைத்தாற்போல் அமைந்தது எப்படி என்பதையும் பதிலில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேற்படி தாய்.

இணைப்பு: பின்பக்கம் தேய்ந்த கால்சட்டை – 1.

நகல்: வடகிழக்குப் பருவமழை, வங்காள விரிகுடா – தகவலுக்காகவும், ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுத்தருளவும்.