தூக்கம் எழுதும் விண்ணப்பம்

அனுப்புநர்:
தூக்கம்,
லாரி டிரைவர் சீட்,
தேசிய நெடுஞ்சாலை 44.
(நேரில் சந்திக்க: அதிகாலை 2 மணி முதல் 5 மணி வரை)

பெறுநர்:
மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
புது தில்லி.

பொருள்: சாலை விபத்துக் காரணங்களின் பட்டியலில் என் பெயரைச் சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்களின் சாலை விபத்து ஆண்டறிக்கை, 2022.

ஐயா,

மேற்படி அறிக்கையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டேன். மற்றவர்கள் படித்தால் நடுவில் நான் வந்துவிடுவேன். எனக்கு அந்தத் தொல்லை இல்லை.

2022இல் 4,61,312 விபத்துகள், 1,68,491 சாவுகள் என்று கணக்குக் கொடுத்திருக்கிறீர்கள். யார் யாரால் எத்தனை என்றும் பிரித்திருக்கிறீர்கள். அதிவேகத்துக்குத் தனி வரி. குடிபோதைக்குத் தனி வரி. எதிர்த்திசையில் ஓட்டியது, சிவப்பு விளக்கைத் தாண்டியது, செல்போன் பேசியது எல்லாவற்றுக்கும் ஒவ்வொரு வரி. கடைசியில் ‘மற்றவை’. நான் அந்தக் கூட்டத்தில் நிற்கிறேனா, அதுவும் இல்லையா என்பதுகூடத் தெரியவில்லை. பத்தில் ஏழு சாவுக்குமேல் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் என் பங்கு எவ்வளவு என்று யாராவது விசாரித்தீர்களா? கண் மூடியவன் பிரேக்கை மிதிப்பதில்லை. சாலையில் டயர் தேய்ந்த தடம் இருக்காது. ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்ற வாசகம் ஸ்டேஷனில் தயாராக இருக்கிறது. அதை எழுதியதும் வழக்கு முடிந்தது. நான் பார்த்த வேலைக்கு வேகம் பெயர் வாங்கிக்கொண்டு போகிறது.

என் தகுதிச் சான்றுகளைச் சமர்ப்பிக்கிறேன். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிற லாரியில் நான்கு நொடி நான் வந்துபோனால் வண்டி ஏறக்குறைய 89 மீட்டர் டிரைவர் இல்லாமல் ஓடும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராம் ஆல்கஹால் உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வே வெளிவந்தது. உங்கள் சட்டத்தில் குடிபோதைக்கான வரம்பு 30 மில்லிகிராம். அதாவது நான் சாராயத்தைத் தாண்டிவிட்டேன். ஆனாலும் சாராயத்துக்கு ஊதிப் பார்க்கிற கருவி, அபராதம், உரிமம் ரத்து என்று ராஜமரியாதை. என்னைச் சோதித்துப் பார்க்க எந்த செக்போஸ்ட்டிலும் ஆள் கிடையாது.

முன்பெல்லாம் நாம் இவ்வளவு விரோதமாக இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 90ஆம் விதி என்று ஒன்று வைத்திருந்தீர்கள். நேஷனல் பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர்கள் இருக்க வேண்டும். மாற்று டிரைவர் காலை நீட்டிப் படுக்க முன்சீட்டுக்குப் பின்னால் இடம் இருக்க வேண்டும் என்று அது சொன்னது. சட்டப்படி எனக்கு ஒரு படுக்கை இருந்தது, ஐயா. ஒருவர் ஓட்ட, இன்னொருவரிடம் நான் கௌரவமாகப் போய்வந்தேன். அந்த இரண்டாவது டிரைவரை 2018இல் விதியிலிருந்து இறக்கிவிட்டீர்கள். அதே ஆண்டு ஜூலையில் அச்சுச் சுமை வரம்பை 20 முதல் 25 சதவீதம்வரை ஏற்றிக்கொடுத்தீர்கள். ஆளைக் குறைத்து லோடைக் கூட்டினால் நடுவில் விழும் இடைவெளியை யார் நிரப்புவார்கள் என்று நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். நான்தான் நிரப்புகிறேன். சம்பளம் கேட்டதில்லை.

வேலை நேரச் சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது, அழகாகவே இருந்தது. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு அரைமணி ஓய்வு என்றது. உங்கள் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவும் அந்தச் சட்டத்தைத்தான் கை காட்டுகிறது. ஆனால் 1961 சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குத்தான் பொருந்தியது. ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்து ஓட்டுபவர்கள் நிறைந்த தொழில் இது. சங்ககிரியிலோ திருச்செங்கோட்டிலோ கடன் வாங்கி ஒற்றை லாரி எடுத்து, தானே முதலாளியாகவும் டிரைவராகவும் இருக்கிறவர் எந்தச் சட்டத்திடம் லீவு கேட்பார்? 2020இல் அந்தச் சட்டத்தையும் தொழிலாளர் பாதுகாப்புத் தொகுப்புக்குள் மடித்து வைத்தாயிற்று.

சாலைப் பாதுகாப்புக்காக இயங்கும் சேவ்லைஃப் அறக்கட்டளை 2020இல் வெளியிட்ட ஆய்வில் லாரி டிரைவர்கள் சராசரியாக நாளுக்கு 12 மணி நேரம் ஓட்டுவதாகவும், ஏறக்குறைய பாதிப்பேர் களைப்போ தூக்கமோ வந்தாலும் ஓட்டுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை பேரிடம் தினமும் வேலை பார்க்கும் எனக்கு ஓர் அடையாள அட்டை கிடையாது.

நேரத்தை அளக்க வழியில்லை என்று மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள். சரக்கின் நேரத்தை நீங்கள் அளக்கிற அழகை நான் அறிவேன். சரக்கோடு போகும் மின்னணுச் சீட்டான இ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். சென்னையிலிருந்து தில்லி சுமார் 2,200 கிலோமீட்டர். எனவே சரக்குக்கு 11 நாள் அவகாசம். அதே தூரத்தை மணிக்கு 45 கிலோமீட்டர் சராசரியில் ஓட்ட ஒரு டிரைவருக்கு 49 மணி நேரம் வேண்டும். எட்டு மணி நேரக் கணக்கில் ஆறு நாளைத் தாண்டும். புக்கிங் ஆபீஸில் “நாலாம் நாள் காலையில லோடு இறங்கணும்” என்று ஒரு குரல் கேட்டால் எல்லாக் கணக்கும் முடிந்தது. பில் காலாவதியானால் வண்டியை மடக்கி அபராதம் போடுகிறீர்கள். டிரைவர் காலாவதியானால் கேட்க நாதியில்லை.

2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் கட்டாயம். ஒவ்வொரு டோல்கேட்டிலும் வண்டி எத்தனை மணி, எத்தனை நிமிடத்துக்குக் கடந்தது என்று பதிவாகிறது. வண்டி எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை அந்த வரிசையைப் பார்த்தே பெருமளவு சொல்லிவிடலாம். சுங்கம் வசூலிக்க அந்தக் கடிகாரம் நிமிடம் பிசகாமல் ஓடுகிறது. ஒரு மனிதன் எத்தனை மணி நேரமாகத் தூங்கவில்லை என்று கேட்டால் மட்டும் அது நின்றுவிடுகிறது.

2020 பிப்ரவரி 20 அதிகாலை அவிநாசி அருகே ஒரு கன்டெய்னர் லாரி சாலைத் தடுப்பைத் தாண்டிவந்து கேரள அரசுப் பேருந்தில் மோதியது. 19 பேர் இறந்தார்கள். டயர் வெடித்தது என்றார்கள், டிரைவர் கண்ணயர்ந்தார் என்றார்கள். இந்த இடத்தில் எனக்குக் கேலி வரவில்லை. அந்த டிரைவர் செய்ததற்கு அவர் பதில் சொல்லத்தான் வேண்டும். எந்த விபத்திலும் விசாரணை அவரைத் தாண்டி ஓர் அடி மேலே ஏறாததுதான் என் வருத்தம். அந்த லோடு எப்போது சேர வேண்டும் என்று சொன்னவர் யார், முந்தைய இரவு வண்டி எங்கே நின்றது என்ற கேள்விகள் வழக்குக் கட்டில் இருக்க வேண்டியவை.

தண்டனையைக் கூட்டினால் போதும் என்று ஒரு கட்சி உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(2) பிரிவில், விபத்து நடத்திவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடும் டிரைவருக்குப் பத்தாண்டுவரை சிறை என்றீர்கள். 2024 ஜனவரியில் டிரைவர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அந்தப் பிரிவை மட்டும் நிறுத்திவைத்தீர்கள். இருக்கட்டும். ஓடுகிறவனைப் பிடிக்க அந்தப் பிரிவு உதவலாம். கண் சொருகிவிட்டவனை எந்தப் பிரிவும் எழுப்பாது.

வியப்பு என்னவென்றால், மேலே உள்ளவரைப் பிடிக்கும் வழியும் உங்கள் சட்டத்திலேயே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 183(4) பிரிவைப் புரட்டுங்கள். வேக வரம்பை மீறாமல் முடிக்க முடியாத நேரத்துக்குள் பயணத்தை முடிக்கச் சொல்லி உத்தரவிட்டால், அந்த உத்தரவே அவர்மீதான முதல்நிலைச் சாட்சி. வேகத்துக்கு இவ்வளவு நியாயம் செய்தவர்கள் என்னை மறந்துவிட்டீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 561/2006 விதிப்படி பொதுவாக நாளுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம். நாலரை மணி நேரத்துக்கு 45 நிமிடம் ஓய்வு. வண்டியில் அதைப் பதியும் கருவி. சரக்கை அனுப்புகிறவரும் அந்த விதிக்கு ஒத்த நேரத்தைத்தான் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். அங்கே எனக்கு அவ்வளவு மரியாதை.

நன்றி சொல்லவும் கடமைப்பட்டிருக்கிறேன். டிரைவர்களுக்கு விமானிகளைப்போல நேரம் நிர்ணயிக்க வேண்டும், என்னைக் கண்டுபிடிக்கும் சென்சார் பொருத்த வேண்டும் என்று 2021 செப்டம்பரிலேயே அமைச்சர் பேசினார். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் ஏசி கேபினைக் கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். வெயிலில் வெந்தவர்களுக்கு அது பெரிய உபகாரம். குளிர்ந்த அறை வந்துவிட்டது. அதில் படுக்க எட்டு மணி நேரம்தான் இன்னும் வரவில்லை.

ஆகவே, கீழ்க்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலிக்க வேண்டுகிறேன்:

1. அடுத்த ஆண்டறிக்கையில் எனக்குத் தனி வரி கொடுக்க வேண்டும்.

2. லாரி சம்பந்தப்பட்ட ஒவ்வொரு உயிரிழப்பு வழக்கிலும், விபத்துக்கு முந்தைய இரண்டு நாள் ஃபாஸ்டேக் பதிவை வழக்குக் கட்டில் சேர்க்க வேண்டும்.

3. ஓட்டும் நேர வரம்பு ஒற்றை வண்டிக்கும் பொருந்த வேண்டும். தொலைதூர வண்டிக்கு இரண்டாவது டிரைவர் திரும்ப வேண்டும்.

4. ஓய்வு எடுத்தால் முடியாத நேரத்துக்குள் லோடு கேட்பவருக்கும் 183(4) போன்ற ஒரு பிரிவு வேண்டும்.

வழக்கில் என்னைச் சேருங்கள், ஐயா; தடையில்லை. டிரைவரைத் தூங்கவிடாமல் வண்டியில் ஏற்றி அனுப்பியவர்களையும் என் பக்கத்தில் நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தூக்கம்.