விழுவதற்கும் ஃபீஸ் உண்டு

ஸ்கேட்டிங் வகுப்பில் குழந்தைக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது ஓடுவதை அல்ல, விழுவதை. முழங்காலை மடக்கி, முன்பக்கம் சாய்ந்து, மூட்டுக் கவசம் தரையில் படும்படி விழ வேண்டும். மல்லாந்து விழுந்தால் தலைக்கும் முதுகுத்தண்டுக்கும் ஆபத்து. நம் திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பெற்றோருக்கு இதில்தான் வருத்தம். ஃபீஸ் கட்டியது ஓடத்தானே, விழுவதை வீட்டிலேயே இலவசமாகச் செய்கிறானே என்பார்கள். செய்கிறான்தான், ஆனால் தப்பாகச் செய்கிறான்.

ஸ்கேட்டிங்கில் சாதிக்கிறவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். 2023 ஆசிய விளையாட்டில் 3000 மீட்டர் தொடரோட்டத்தில் இந்திய ஆண்கள், பெண்கள் அணிகள் இரண்டும் வெண்கலம் வென்றன. 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலகப் போட்டியில் சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 1000 மீட்டரிலும், 42 கிலோமீட்டர் மாரத்தானிலும் தங்கம் வாங்கினார். அந்தச் செய்தியைப் படித்த கையோடு, அடுத்த பொங்கலுக்குள் நம் வீட்டுக்கும் ஒரு பதக்கம் என்று கணக்குப் போடுவதுதான் வேடிக்கை. அவர் ஓடியது வழவழப்பான தளத்தில். இங்கே பைபாஸ் சாலையில் பஸ்ஸும் லாரியும் வழிவிட்டாலும் பள்ளம் விடாது. இதே ஊரில் தாமிரபரணி ஆற்றைக் கடக்க 1843இல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் பாலமே கட்டித் தந்தார். தெருப் பள்ளத்தை மூட இன்னொரு முதலியார் இன்னும் பிறக்கவில்லை.

ஆகவே பெற்றோரே, முதலில் தலைக்கவசம் வாங்குங்கள். பதக்கம் மாட்ட ஆணி அப்புறம் அடிக்கலாம்.