ஏட்டுச் சுரைக்காய்க்கு ஆக்கவுரிமை உண்டா?

கிணற்றடி விஞ்ஞானி, இறுப்பிட்டி: எங்கட கிணத்து உவர்த்தண்ணியைக் கறண்டும் எண்ணெயும் இல்லாமல் நல்லதண்ணியாக்கிற பெட்டி ஒண்டு செய்திருக்கிறன். படம் கீறி அனுப்பினால் பேட்டன்ட் தருவினமோ?

படத்தில் எந்தத் தண்ணியும் இனிக்கும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மூன்று கேள்வி கேட்கும்: புதிதா, மூளை செலவழிந்ததா, தொழிலில் பயன்படுமா? வெயிலில் ஆவியாக்கிக் கண்ணாடியில் வழியவிடும் சங்கதி என்றால் அது பழசு. சாதாரணப் பெட்டியே சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு மூன்று நாலு லீற்றர் தரும். உங்களுடையது எவ்வளவு தருகிறது? உப்பு எவ்வளவு குறைகிறது? அளந்து எழுதுங்கோ.

அவரே: மறுத்தால் மேன்முறையீட்டில் வாதாடி வெல்லலாம்தானே?

அமெரிக்காவில் ஜோசப் நியூமன் என்பவரும் அப்படித்தான் நினைத்தார். கொடுப்பதைவிடக் கூடுதலாகச் சக்தி தரும் இயந்திரம் என்றார். நீதிமன்றம் "கொண்டுவாரும், சோதிப்போம்" என்றது. 1986இல் அரசாங்க அளவைக்கூடம் சோதித்தது. ஒவ்வொரு தடவையும் போனதைவிட வந்தது குறைவு. 1989இல் மேன்முறையீடும் தோற்றது. மீற்றருக்கு முன்னால் எந்த அப்புக்காத்தும் எடுபடார்.

ஆசிரியை, புங்குடுதீவு: உண்மையாகவே பயன்படும் பொருளென்றால் பயமில்லைத்தானே?

அங்கேதான் சிக்கல், ரீச்சர். கிளிவெக் இரத்தப் புற்றுநோய்க்கு அருமருந்து. அதை யாரும் மறுக்கவில்லை. நொவார்ட்டிஸ் கம்பனி அதன் புதிய பளிங்கு வடிவத்துக்கு 1998இல் சென்னையில் விண்ணப்பித்தது; 2006இல் மறுத்தார்கள். தெரிந்த பொருளின் புது வடிவமென்றால் பழையதைவிடப் பலன் கூட என்று காட்டவேண்டும் என்பது இந்தியச் சட்டம். உடம்பில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்றது கம்பனி. அதுவும் எலியில் பார்த்த கணக்கு. சேர்வது வேறு, சுகமாவது வேறு. அதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு உச்சநீதிமன்றம் மேன்முறையீட்டைத் தள்ளியது. தீர்ப்பு நாள் 2013 ஏப்ரல் 1, முட்டாள்கள் தினம். ஆனாலும் நீதிபதிகள் ஏமாறவில்லை. என் கணக்கில் அது சரியான தீர்ப்பு.

விஞ்ஞானியின் மனைவி, இறுப்பிட்டி: இவற்றை பெட்டி வேலை செய்யுதோ எண்டு நான் எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

அந்தத் தண்ணியில் தேத்தண்ணி ஊத்தி முதல் அவருக்கே குடுங்கோ.

விஞ்ஞானி மீண்டும்: குறிகட்டுவானில் போட்டுக்கு நிக்கிற சனத்துக்குக் காட்டட்டோ?

விண்ணப்பம் போட்டபிறகு காட்டுங்கோ. இங்கே சொந்தக்காரருக்கு ஓராண்டுச் சலுகை உண்டு. வெளிநாடுகள் பலவற்றில் அதுவுமில்லை. போடவேண்டிய இடம் கொழும்பு, தேசிய புலமைச் சொத்து அலுவலகம். கிடைத்தால் 20 ஆண்டு உங்களுடையது.