என்.எஸ்.எஸ். சார்

அரசு மேல்நிலைப் பள்ளிகளில் அவரைத் தேட வேண்டியதில்லை. விசில் சத்தம் வரும் பக்கம் போனால் போதும். அவர் நடத்துவது பொருளியலா வணிகவியலா என்பது அவருக்கே கால அட்டவணையைப் பார்த்தால்தான் நினைவுக்கு வரும். ஊருக்கும் பள்ளிக்கும் அவர் ‘என்.எஸ்.எஸ். சார்’.

சட்டையில் கோனார்க் சக்கர பேட்ஜ். அதன் எட்டு ஆரங்கள் நாளின் 24 மணி நேரத்தையும் குறிப்பவை, எந்நேரமும் சேவைக்குத் தயார் என்று பொருள் என்பார். மாலை 4.10 மணிக்கு மேல் அவரை யாரும் பள்ளியில் பார்த்ததில்லை.

என்.எஸ்.எஸ். எனப்படும் நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. முகாம் தொடக்க விழா தோறும் இதை ஒப்பிப்பார். நாற்பதாயிரத்துக்கு வருவதற்குள் ஊராட்சித் தலைவருக்கு இரண்டு கொட்டாவி வந்துவிடும். திட்டத்தின் முழக்கம் ‘நானல்ல, நீ’. அதை இவர் அளவுக்குக் கடைப்பிடிப்பவர் எவருமில்லை. மண்வெட்டி பிடிப்பது யார்? நானல்ல, நீ. சீமைக்கருவேலம் வெட்டுவது? நீ. கோயில் பிராகாரத்தில் புல் செதுக்குவது? அதுவும் நீயேதான். பொன்னாடை வரும்போது மட்டும் முழக்கம் மறந்துவிடும்.

தொண்டர் ஒருவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதில் பாதி வரிசையில் நிற்பதற்கு. மீதி, சிறப்பு விருந்தினர் வரும்வரை காத்திருப்பதற்கு.

ஏழு நாள் சிறப்பு முகாமின் சிகரம் மரம் நடு விழா. போன வருடத்துக் குழி அப்படியே பத்திரமாக இருக்கும். கன்றைத்தான் ஆடு தின்றிருக்கும். ஒரு கன்றைப் பதினோரு கைகள் பிடிக்கும். “எட்டலைன்னா முன்னால நிக்கிறவன் தோளையாவது பிடிடா!” என்பார் சார். போட்டோ எடுத்து முடிந்ததும் பதினோரு கைகளும் விலகும், கன்று சாயும்.

ஒரு முகாமில் ஐந்தாம் நாள் மாலை பண்பாட்டு விழிப்புணர்வு. மாணவிகள் சினிமாப் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். திண்ணையில் இருந்த பாட்டி ஒருத்தி, “ஏன்டி, ஒருத்திக்குக்கூட கும்மி தெரியாதா?” என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கால் மணி நேரத்தில் ஊர்ப் பெண்களும் மாணவிகளும் ஒரே வட்டம். கைதட்டல் தெருமுனை வரைக்கும் கேட்டது. சார் மைக்கோடு ஓடி வந்தார்.

“ஆத்தா, கொஞ்சம் நிறுத்துங்க. கிராமியக் கலையெல்லாம் அழிஞ்சுக்கிட்டு வருதுன்னு நான் பேசணும்.”

பேசினார், முக்கால் மணி நேரம். பாட்டி திண்ணைக்குத் திரும்பி வெற்றிலை மென்றாள். பிள்ளைகள் சாரைப் பார்த்தபடியே முதுகுக்குப் பின்னால் கும்மித் தாளம் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

முகாம் முடிந்ததும் அறிக்கையைப் பிழை பார்க்க என்னிடம் கொடுத்தார். ‘பயனடைந்தோர்’ என்ற கட்டத்தில் ‘கிராம மக்கள்’ என்று எழுதியிருந்தது. ஏழு நாளும் பிள்ளைகளுக்குக் குழம்பு ஊற்றியது அந்த ஊர். காலில் தைத்த கருவேல முள்ளை ஊக்கால் எடுத்துவிட்டு மஞ்சள் வைத்ததும், கும்மி சொல்லிக்கொடுத்ததும் அந்த ஊர்தான். ‘கிராம மக்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘நம் மாணவர்கள்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

“தமிழய்யா, எழுத்துப் பிழையை மட்டும் பாருங்கன்னா கணக்கையே மாத்துறீங்களே!” என்று சிரித்தார்.

அறிக்கை பழையபடியே மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கன்றை ஆடு தின்றுவிட்டது. குழி அடுத்த ஆண்டுக்குத் தயாராக இருக்கிறது.