மஞ்சள் கோட்டின் மகிமை

சுபாங் ஜெயா எஸ்எஸ்15-இல் டியூஷன் முடித்து பபிள் டீ உறிஞ்சும் எஸ்பிஎம் தேர்வு மாணவனின் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டுங்கள். பக்கமெல்லாம் மஞ்சள் கோடு; கோடு விழாத வரிதான் முக்கியமோ என்று சந்தேகம் வரும்.

கோடு போடுவது திரும்பப் படிக்கத்தானே? அந்தப் பழக்கத்தை 2006-இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் சோதித்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்குத் தன்னம்பிக்கை அதிகம். ஒரு வாரம் கழித்து ஞாபகம் இருந்ததோ, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கு.

2019-இல் ஹார்வர்டில் இன்னொரு கூத்து: இயற்பியல் கணக்கோடு தாங்களே மல்லுக்கட்டியவர்கள் அதிகம் கற்றார்கள், சரளமான விரிவுரை கேட்டவர்கள் அதிகம் கற்றதாக நினைத்துக்கொண்டார்கள்.

“சார் அருமையா சொல்லிக் கொடுக்கிறாரு” என்று பெற்றோர் மாதாமாதம் ரிங்கிட் எண்ணுவது அந்த நினைப்புக்குத்தான். யுபிஎஸ்ஆர் தேர்வை 2021-இலும் பிடி3 தேர்வை 2022-இலும் அரசாங்கம் ஒழித்தது. டியூஷனை ஒழிக்க எந்த அமைச்சருக்கும் துணிச்சல் கிடையாது. அவர் பிள்ளைக்கும் ஏழு மணிக்கு வகுப்பு இருக்குமே!