கண்மாய்க்கு எத்தனை மாமன்?

வா மருமகனே, உக்காரு. உனக்கு ஊராட்சி செயலர் வேலை கிடைச்சதுல ஊருக்கே சந்தோசம். எனக்கும்தான். தெருவிளக்கு எரியலைன்னா திட்டுறதுக்கு இத்தனை நாளா அசலூர்க்காரனைத் தேடணும். இப்ப வாசல்லயே சொந்தக்காரன் கிடைச்சிட்டான்.

புதுசா வேலைக்குப் போறவனுக்கு மாமன் ஒரு மந்திரம் சொல்லித் தாரேன், மனப்பாடம் பண்ணிக்க. “இது எங்க லிமிட்ல வராது.” அவ்வளவுதான். இதை முகம் கோணாம, குரல் உசத்தாமச் சொல்லப் பழகிட்டேன்னா ரிட்டயர்டு ஆகுற வரைக்கும் ஒரு பொல்லாப்பும் வராது. வேலையும் வராது. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இதைச் சொல்லியே மூணு பிரமோசன் வாங்கினாரு.

நம்ம கண்மாயையே எடுத்துக்க. ஆயக்கட்டு 100 ஏக்கருக்குள்ள இருந்தா ஊராட்சி ஒன்றியத்துக் கண்மாய். அதுக்கு மேல போனா நீர்வளத்துறை. எங்க காலத்து ஆளுக வாயில அது இன்னும் பி.டபிள்யூ.டி.தான். சரி, ஓனர் ஒருத்தர்தான்னு நெனச்சுத் தூங்கப் போயிராத. தரை நீர்நிலைப் புறம்போக்கு, அது வருவாய்த்துறைக் கணக்கு. உள்ள நிக்கிறது சமூகக்காட்டு மரம்னா வனத்துறையைக் கேக்கணும். மீன்பாசி ஏலம் தனிக் கணக்கு. வண்டல் அள்ளணும்னா கனிமவளத்துறை விதி குறுக்க நிக்கும். 2024ல தாசில்தாரே அனுமதி குடுக்கலாம்னு விதியை இளக்கிவிட்டாங்க, அதுக்கு முன்ன ஒரு டிராக்டர் மண்ணுக்குக் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் நடக்கணும். கரைமேல போற ரோடு ஒருத்தருது, ரோட்டோரம் சாஞ்சு நிக்கிற போஸ்ட்டு மின்வாரியத்துது. தண்ணி ஒண்ணுதான் எந்த ஆபீசுக்கும் சொந்தமில்லை. அதனாலதானோ என்னமோ அது இந்தப் பக்கம் வர்றதேயில்லை.

பத்து மாமன் இருக்கிற கல்யாண வீட்டைப் பாத்திருக்கேல்ல? பந்தியில தண்ணி வைக்க ஆள் இருக்காது. ஒவ்வொரு மாமனும் அடுத்த மாமன் வச்சிருப்பான்னு வெத்தலை மென்னுக்கிட்டு இருப்பான். ஆனா மொய் நோட்டுல பேர் விட்டுப்போச்சுன்னா பத்துப் பேரும் சண்டைக்கு வந்திருவான். நம்ம கண்மாய் கதையும் அதுதான். மடைப் பலகை உளுத்து, கலுங்குல கல்லு பேந்து, வரத்துக்கால்ல கருவை மண்டிக் கிடந்தப்ப ஒரு மாமனும் வரலை. மீன்பாசி ஏலத்தன்னைக்கு எத்தனை ஜீப்பு நின்னுச்சுன்னு நீயே எண்ணுனியே!

தமிழ்நாட்டுல ஏரி, கண்மாய் 39 ஆயிரத்துச் சொச்சம்னு கணக்குச் சொல்றாங்க. அந்தக் காலத்துல இதையெல்லாம் பாத்துக்கிட்டது குடிமராமத்து. வீட்டுக்கு ஒரு ஆள், மம்பட்டியோட வரணும். வெள்ளைக்காரன் 1858ல அதுக்கு ஒரு சட்டமே போட்டான். வழமையான வேலைக்கு வராதவன்கிட்டக் கூலியைப்போல ரெண்டு மடங்கு வசூல் பண்ணலாம்னு. நான் அந்தச் சட்டத்தைக் கும்பிடச் சொல்லலை, அது சம்சாரிக முதுகுல ஏத்துன சுமை. ஆனா ஒரு சின்ன ஆசை. ஒண்ணாக் கூடுற கூட்டத்துக்கு வராத ஆபீசுக்கும் அதே ரெண்டு மடங்கைப் போட்டுப் பாத்தா என்ன? கஜானா நிறைஞ்சிராதா?

ரோட்டுக் கதை உனக்குத் தெரியும். தார் காயுமுன்ன குழாய் பதிக்கத் தோண்டினாங்க. எந்த ஆபீசுன்னு நான் சொல்லமாட்டேன். சொன்னா, அது பக்கத்து ஆபீசும்பாங்க.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கலாம்ப்பா. காய்ச்சல் வர்றப்பதான் இந்த லிமிட் பேச்சு ஆளைக் கொல்லும். டெங்குக் கொசு இருக்கே, அது பகல்லதான் கடிக்கும். சரியா ஆபீஸ் டயம். ஆனா லீவு போடாது. அதிகம் போனா பொறந்த எடத்துல இருந்து நானூறு மீட்டர் பறக்கும், பெரும்பாலும் அடுத்த வீட்டோட சரி. சாக்கடையில முட்டை போடாது, நல்ல தண்ணிதான் வேணும்.

கீழத்தெருவுல போன ஐப்பசியில என்ன நடந்துச்சு? குழாய்ல தண்ணி நாலு நாளைக்கு ஒருக்கா. பொம்பளைக என்ன செய்வாக? குடம், அண்டா, நீல டிரம்மு, உடைஞ்ச ஆட்டுரல் வரைக்கும் பிடிச்சு நிரப்பி வச்சாக. டிரம்முல கொசு. வீட்டுக்கு ஒரு காய்ச்சல். புகை மெஷினோட வந்தவங்க, “ஏம்மா தண்ணியைப் பிடிச்சு வச்சிருக்கே?”ன்னு அதட்டுனாங்க. அந்தப் புள்ள கேட்டுச்சு, “தெனம் விட்டா நான் ஏன் சார் பிடிச்சு வைக்கப் போறேன்?” வந்தவர் என்ன சொன்னாருன்னு நெனக்கிறே? மந்திரம்தான். தண்ணி அவரு லிமிட்ல வராது. தண்ணி விடுறவருக்குக் காய்ச்சல் லிமிட்ல வராது. கொசு ரெண்டு பேருக்கும் பொதுவாக் குடித்தனம் பண்ணுச்சு.

இதுல இன்னொண்ணு கேட்டுக்க. டிரம்மைக் கவுத்துவிட்டா மட்டும் பத்தாது. முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல ஓரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கும். தேங்காய் நாரை வச்சு அழுத்தித் தேய்க்கணும். காஞ்சு கெடந்தாலும் மாசக்கணக்குல சாகாது, மறுபடி தண்ணி பட்டா பொரிக்கும். நாம குடுக்கிற மனுவுக்குக்கூட அந்த ஆயுசு கிடையாது. முட்டை கொசுவாக எட்டுப் பத்து நாள் ஆகும். அதனாலதான் வாரத்துக்கு ஒருக்கா எல்லாப் பாத்திரத்தையும் தேய்ச்சுக் கவுத்தச் சொல்றது. அதே வாரத்துல மேல்தொட்டியைக் கழுவி, குளோரின் போட்டு, ரெண்டு நாளைக்கு ஒருக்காத் தண்ணி வரும்னு உறுதி சொன்னா எந்தப் பொம்பளையும் டிரம்மைக் கட்டிக்கிட்டு அழமாட்டா. இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேணாம். ரெண்டு ஆபீசும் ஒரே நாள்ல ஒரே தெருவுக்கு வந்தாப் போதும்.

அவங்களை எப்படி வர வைக்கிறதுன்னுதானே முழிக்கிறே? பெரிய ஆபீசருகளை ஒண்ணா உக்கார வைக்கணும்னா போட்டோகிராபர் வேணும், சால்வை வேணும், முந்திரிப் பக்கோடா வேணும். கூட்டம் முடிஞ்சா “அனைத்துத் துறைகளும் ஒருங்கிணைந்து”ன்னு பேப்பர்ல ஒரு செய்தி வரும். கொசு பேப்பர் படிக்காது. அவங்களை விட்ரு. கீழ பாரு. மேல்தொட்டிக்கு மோட்டார் போடுறவர், நர்சம்மா, அங்கன்வாடி டீச்சர், தூய்மைக் காவலர், தலையாரி, வயர்மேன் இவங்களைக் கூப்புடு. ரெண்டு ரவுண்டு டீ போதும். எந்த வால்வு ஒழுகுது, எந்த வீட்டுப் புள்ளைக்கு மூணு நாளாக் காய்ச்சல், எந்த மாடியில மூடியில்லாத தொட்டி, எந்நேரம் கரண்ட்டு போயி மோட்டார் நிக்குதுன்னு இவங்களுக்குத் தெரியாத ஒண்ணு இந்த ஊர்ல இல்லை. ஒருத்தருக்கொருத்தர் ஏற்கெனவே சொந்தக்காரங்க, இல்லைன்னா கடன்காரங்க. இவங்க மேசைக்கு லிமிட் கிடையாது, ஏன்னா மேசையே கிடையாது.

மோட்டார் போடுறவரைக் கொஞ்சம் மரியாதையா நடத்து. 30 ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் பிளீச்சிங் பவுடர். அதை வாளியில கரைச்சு, சுண்ணாம்பு அடியில தங்கவிட்டு, தெளிஞ்ச தண்ணியை மட்டும் ஊத்தி, அரைமணி நேரம் பொறுத்துத்தான் திறக்கணும். நிறைய எடத்துல பொட்டலத்தோட உள்ள எறிஞ்சிட்டு இறங்கிர்றாங்க. மொதத் தெருவுல தண்ணி மருந்து நாத்தம், கடைசித் தெருவுல ஒண்ணுமில்லை. கடைசித் தெருக் குழாய்ல லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்கணும். அதைப் பாக்குற சொட்டு மருந்து நர்சம்மா ஆபீஸ்ல இருக்கும், தொட்டிச் சாவி உன்கிட்ட இருக்கும். இந்த ரெண்டு சாமானையும் மாசத்துக்கு ரெண்டு தடவை ஒரே குழாயடிக்குக் கொண்டுபோ. சொட்டு விட்டதும் தண்ணி மஞ்சளாச்சுன்னா சரி. ஆகலைன்னா அங்க நிக்கிற அத்தனை பேரும் சாட்சி. கோப்புல பொய் எழுதிறலாம், குழாயடியில முடியாது.

பல வருசமாவே கிராம சுகாதாரக் குழுன்னு ஒண்ணு இருக்கு தெரியுமா? ஊராட்சித் தலைவரும் நர்சம்மாவும் சேந்து நடத்த வேண்டியது. வருசத்துக்கு 10 ஆயிரம் ரூபாய்னு பணமும் வச்சாங்க. உன் பீரோவுல தேடு, நோட்டு அடியில கிடக்கும்.

ஒண்ணாச் சேந்தா நடக்காதும்பே. நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒரு நடை போய்ட்டு வா. 2022 செப்டம்பர் 15ல மதுரையில ஆரம்பிச்ச காலை உணவு. சமைக்கிறது மகளிர் குழு, எடம் பள்ளிக்கூடத்துது, தண்ணி ஊராட்சியுது, பணம் அரசாங்கத்துது. கிச்சடி மட்டும் நேரத்துக்கு வருது. எப்படி? எந்த அதிகாரியும் திடீர்னு ஞானியாகலை. மணியடிக்குமுன்ன புள்ளைக தட்டோட உக்காந்திருக்கு. அதுக முன்னாடி லிமிட் பேச எவனுக்கும் வாய் வராது. அந்த மாதிரி ஒரு நேரமும் பாத்துக்கிட்டு நிக்க ஆளும் தொட்டி கழுவுறதுக்கு இருக்கா? தொட்டியில தேதி எழுதியிருக்கும், நீயே பாத்தே. “சுத்தம் செய்த நாள்” பெயிண்ட்ல பளிச்சுனு இருக்கு, வருசம்தான் பழசு.

கடைசியா ஒரு களவாணித்தனம் சொல்லித் தாரேன். வேலை முடிஞ்சதும் போர்டு வை. அதுல எல்லா ஆபீஸ் பேரையும் எழுது, ஒண்ணும் செய்யாதவங்க பேரையும் சேத்து, கொஞ்சம் பெரிய எழுத்துல. அடுத்த தடவை கூப்புடாமலே வருவாங்க. உன் பேரை எழுதாத. பெயிண்டு மிச்சம், பகையும் மிச்சம்.

கிராமசபை முந்தி வருசத்துக்கு நாலு. 2022ல மார்ச் 22, நவம்பர் 1ஐயும் சேத்து ஆறாக்கியிருக்காங்க. “விவாதிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது”ன்னு எழுதி மூடிராத. எந்த வேலை, எந்தத் தேதி, எந்த ஆபீஸ், யார் வருவாருன்னு தீர்மானத்துலயே எழுது. அடுத்த சபையில அதைத்தான் மொதல்ல சத்தமா வாசிக்கணும்.

மத்தவங்களுக்கும் ஒரு வார்த்தை. 501ல இருந்து 3,000 பேர் வரைக்கும் உள்ள ஊருக்கு 100 பேர் உக்காந்தாத்தான் சபை செல்லும். தலையைக் காட்டிட்டுப் போறதுக்குன்னா வர வேண்டாம், கையெழுத்து நோட்டு வீட்டுக்கே வரும்.